சாம்பார் கொட்டிய சீட்டும் தின்னர் பட்ட ரெக்சினும்: கார் உட்புறச் சுத்தம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் ஈரோட்டுக் குடும்பம் ஒன்றுடையது. 2020-இல் தயாரான சிறிய ஹேட்ச்பேக். சீட்டின் நடுப்பகுதி வெளிர் பழுப்புத் துணி. ஓரங்களும் கதவின் உள்பக்கமும் க்ரீம் நிற ரெக்சின். கடையில் வாங்கும்போது பார்க்க அழகாக இருக்கும் நிறச்சேர்க்கை. ஆனால் சின்னப் பையன் உள்ள வீட்டுக்கு இதைவிடத் தொல்லையான நிறம் கிடையாது.

ஆடிப்பெருக்கு அன்று பவானி கூடுதுறைக்குக் கிளம்பினார்கள். கட்டுச்சோற்று மூட்டையோடு சாம்பார் தூக்கும் பின் சீட்டில், பாட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வேகத்தடையில் தூக்கு சாய்ந்து மூடி கழன்றது. சாம்பார் சீட்டின் நடுவில் கொட்டி, தையல் வழியாக இறங்கி, சீட் பெல்ட்டின் பக்கிள் இருக்கும் இடுக்குவரை போய்விட்டது. அந்தக் களேபரத்தில் பையனின் பால் பாட்டில் முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் உருண்டு போய்க் கசிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இது தவிர இரண்டு பழைய கறைகள். இடது பின்கதவில் பால்பாயின்ட் பேனாக் கிறுக்கல். ஓட்டுநர் சீட்டின் ரெக்சின் ஓரத்தில், ஜீன்ஸ் உரசி உரசி ஏறிய நீலம்.

எங்களிடம் வருவதற்கு முன் நடந்தவை

கார் எங்கள் பட்டறைக்கு வந்தபோது சாம்பார் கொட்டிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் பல கைகள் வேலை பார்த்திருந்தன. நடந்ததை உரிமையாளரிடமும் அவருடைய அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு வரிசைப்படுத்தினோம்.

முதலில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். கறை அகலமானது. மறுநாள் காலை சோப்புத்தூளைக் கரைத்து பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த இடமெல்லாம் செங்கல் நிறமாகச் சிவந்துவிட்டது. "சீட்டுச் சாயமே போயிடுச்சுன்னு பயந்துட்டோமுங்க" என்றார் பாட்டி. பயந்து இன்னும் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வாட்டர் சர்வீஸ். அங்கே பின் சீட்டிலும் தரையிலும் நுரையடித்து, தண்ணீர் விட்டு, வாக்குவம் போட்டார்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்ததால் ஓட்டிக்கொண்டு வந்து, வெயில் படாத போர்ட்டிகோவில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திவிட்டார் உரிமையாளர். அங்கேயே ஒருவர் கதவிலிருந்த பேனாக் கிறுக்கலைப் பார்த்து, "இதையும் எடுத்துத் தந்துடறேனுங்க" என்று பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்திருக்கிறார். கிறுக்கல் பெரும்பாலும் போனது. கூடவே ரெக்சினின் மேற்பூச்சும் போனது. உள்ளங்கை அளவுக்குப் பிசுபிசுவென்று ஆகி, பிறகு மங்கி இறுகிவிட்டது.

சில நாளில் கார் முழுக்கப் புளித்த வாடை. அதை அடக்க வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மல்லிகையும் புளித்த பாலும் சேர்ந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் உரிமையாளர் போகிறபோக்கில் சொன்னார்: பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமலே பெல்ட் போடச் சொல்லி பீப் அடிக்கிறது. அதை அவர் வேறு பிரச்சினை என்று நினைத்திருந்தார்.

நாங்கள் பார்த்தவை

கதவுகளைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். பின் சீட்டில் நடுவே செம்மஞ்சள், அதைச் சுற்றி அகலமான மங்கல் வளையம். தையல் ஓரத்தில் சோப்புத்தூள் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. சீட்டின் மேல் மடித்த வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து முழங்காலால் அழுத்தினால் ஈரம் ஏறியது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஃபோம் இன்னும் நனைந்துதான் இருந்தது.

பெல்ட் நாடாவில் மஞ்சள் திட்டு. பக்கிளில் நாக்கைச் செருகினால் 'கிளிக்' சத்தம் வந்தாலும் பட்டன் திரும்பி மேலே எழச் சோம்பல்பட்டது.

முன் சீட்டுக்கு அடியில் கார்பெட் தொட்டுப் பார்க்கக் காய்ந்தே இருந்தது. கதவோரப் பட்டியைக் கழற்றி கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கினோம். கீழே இருக்கும் கம்பளி மெத்தை பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. வாடையின் வீடு அதுதான்.

சீட்டின் அடியில் போகும் ஒயர் இணைப்புகளிலும் ஈரப் பிசுக்கு. 2019 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களில் ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று அறிய சீட்டுக்குள் ஒரு உணரி இருக்கும். அதன் வழியில் தண்ணீர் போனால் இல்லாத ஆளுக்கு பீப் அடிப்பதில் ஆச்சரியமில்லை. அதனால் பீப்பையும் இதே வேலையோடு சேர்த்துக்கொண்டோம்.

இந்தக் காரில் கறையைவிட, கறையை எடுக்கப் போட்டவைதான் எங்களுக்கு அதிக வேலை வைத்தன. சாம்பார் சீட்டின் ஒரு பகுதியில்தான் கொட்டியது. தண்ணீர் கார் முழுக்கப் போயிருந்தது.

முதல் முடிவு: பேட்டரியும் சீட்டும்

எந்த பாட்டிலையும் திறப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். ஏர்பேக் அமைப்பில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பகுதி உண்டு. முனையைக் கழற்றியவுடன் அது அடங்கிவிடாது. காரின் கையேட்டில் சொன்ன நேரம் கழியும்வரை காத்திருந்த பிறகே எங்கள் மெக்கானிக் முன் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் இழுப்பான் சம்பந்தப்பட்டது. தெரியாதவர் அதில் கைவைக்கக் கூடாது. வீட்டில் சுத்தம் செய்பவர்கள் முன் சீட்டைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

பின் சீட்டின் அடிமெத்தை இந்தக் காரில் வெறும் கிளிப்பில் நிற்பது. முன்விளிம்பைத் தூக்கினால் வந்துவிடும். வெளியே எடுத்ததில் பெரிய நன்மை, அடியிலும் காற்று படும், வெயிலுக்கும் கொண்டுபோகலாம்.

துணி சீட்: மஞ்சள் ஏன் சிவந்தது

ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது அல்லவா, சீட்டில் நடந்ததும் அதேதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். சோப்புத்தூள் காரம். ஆக, சீட்டின் சாயம் எங்கேயும் போகவில்லை. இதைச் சொன்னவுடன் பாட்டிக்குப் புரிந்துவிட்டது. மகனுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. சீட்டின் அடிப்பக்க மடிப்பில் முதலில் சோதித்து, துணியின் நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சிவப்பின் மேல் ஒற்றினோம். கண்ணெதிரே மஞ்சளாக மாறியது.

இதைச் சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. நிறம்தான் மாறியது, மஞ்சள் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் துணியில் தங்கியிருந்த சோப்பின் காரம் அடங்கியது. சோப்பு மிச்சம் இருக்கும்வரை அந்த இடம் பிசுக்காகவே இருந்து புது அழுக்கை இழுக்கும். அதனால் முதல் வேலை சோப்பை வெளியே எடுப்பது. கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் உடனுக்குடன் இழுத்தோம். நுரை வருவது நிற்கும்வரை இப்படியே. இந்தக் கட்டத்தில் பலரும் அவசரத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். உறிஞ்சி எடுக்க முடிகிற அளவுக்கு மேல் துணி சீட்டில் தண்ணீர் விடக் கூடாது. மீதி ஃபோமில்தான் போய்த் தங்கும்.

அடுத்தது எண்ணெய். சாம்பாரில் தாளிப்பு எண்ணெய் உண்டு. மஞ்சள் அதில் கரைந்துதான் துணிக்குள் ஏறியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, கலக்கி, நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் எடுத்துப் போட்டு, வெளியோரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றினோம். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறைதான் பெரிதாகும். இந்த நுரை பட்டதில் லேசாகச் செம்மை தட்டியது. வினிகர் நீர் ஒருமுறை ஒற்றியதும் அடங்கிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் மஞ்சள் பாதிக்கு மேல் நின்றது. குர்குமின் ஆல்கஹாலில் கரையும். வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, அடர்த்தியான திட்டில் மட்டும் ஒற்றினோம். ஒற்றிய வெள்ளைத் துணியில் மஞ்சள் ஏறியது. ஆனால் ஆல்கஹால் கறையைக் கரைத்து அக்கம்பக்கத்துக்கும் பரப்பும். நிறைய ஊற்றினால் துணியையும் ஃபோமையும் ஒட்டியிருக்கும் பசையையும் தொட வாய்ப்புண்டு. அதனால் சீக்கிரமே நிறுத்திவிட்டோம். இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் மெத்தையைத் திறந்தவெளியில் வைத்துத்தான் செய்தோம்.

மீதியை வெயிலுக்கு விட்டோம். இந்த யோசனையை முதலில் சொன்னவர் உரிமையாளரின் மாமா; சாயப்பட்டறையில் இருந்தவர். மஞ்சளில் தோய்த்த துணி வெயிலில் நிற்காது என்பது சாயம் போடுகிறவர்களுக்குப் பழைய சங்கதி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஈரோட்டு மஞ்சளாக இருந்தாலும் சூரியனுக்கு முன் குர்குமின் தோற்றுத்தான் போகும். மெத்தையை மொட்டைமாடியில் வைத்து, கறையைத் தவிர மற்ற இடத்தைப் பழைய வேட்டியால் மூடினோம். இல்லையென்றால் சீட்டுத் துணியும் சேர்ந்து வெளுக்கும். ஆடிக் காற்று வேறு நன்றாக வீசியது. ஃபோமும் சேர்ந்து காய்ந்தது. தேய்த்தும் கரைத்தும் போகாத மஞ்சள் சில நாள் வெயிலில் வெளிறிப் போனது.

பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று உரிமையாளர் இடையில் கேட்டார். மறுத்துவிட்டோம். சீட்டின் நிறத்தையும் எடுத்துவிடும் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், ஏற்கெனவே வினிகர் பட்ட இடம் அது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கார் மாதிரி மூடிய இடத்தில் அது விளையாட்டல்ல.

பால்: கண்ணுக்குத் தெரியாத கறை

பாலுக்கு வெந்நீர் ஆகாது. பாலின் புரதம் சூட்டில் இறுகி நூலோடு பிடித்துக்கொள்ளும். புரதத்தை உடைக்கும் என்சைம் கலந்த கிளீனரைப் பயன்படுத்தினோம். இந்த வகைக்கு நேரம் வேண்டும். தெளித்துத் துடைத்தால் பயனில்லை. கார்பெட்டையும் அடிமெத்தையையும் நனையத் தெளித்து, காயாமலிருக்க பிளாஸ்டிக் தாள் போர்த்தி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, பிறகு தண்ணீர் தெளித்து உறிஞ்சினோம். அதோடு கிருமிநாசினி எதையும் கலக்கவில்லை. கலந்தால் என்சைம் வேலை செய்யாமல் போகலாம்.

அப்புறம் கார்பெட்டை ஓரத்தில் தூக்கிக் கட்டைகளை முட்டுக்கொடுத்து, அடியில் காற்று போகிறமாதிரி மின்விசிறி வைத்தோம். மேலிருந்து காய வைத்தால் மேல்பக்கம்தான் காயும். வாட்டர் சர்வீஸில் நடந்ததும் அதுதான். வாசனை டப்பாவைக் கழற்றிவிடச் சொன்னோம். அது இருந்தால் வாடை போனதா என்று யாருக்கும் தெரியாது.

பெல்ட்

பெல்ட்டைச் சாயமோ பிளீச்சோ தொடவே கூடாது. விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துவது அந்த நாடாவின் நூல்தான். நாடாவை முழுக்க வெளியே இழுத்து, சுருளுக்குள் திரும்பாமல் கிளிப் போட்டு, மென்மையான சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து நீளவாக்கில் துடைத்தோம். நன்றாகக் காயும்வரை நிழலில் அப்படியே விட்டோம். ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும், சுருளும் கெடும். மஞ்சள் திட்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெயிலில் காட்டலாமே என்று தோன்றும். நாடாவின் நூலை வெயில் நலிவாக்கும் என்பதால் அழகுக்காக அதைச் செய்யவில்லை.

பக்கிளைப் பிரிக்கவோ எண்ணெய் விடவோ இல்லை. வெளியே துடைத்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்ளச் சொன்னோம். உரிமையாளருக்கு இதில் தயக்கம். "மாட்டினா மாட்டிக்குதே, எதுக்குங்க மாத்தணும்?" என்றார். அந்த இடத்தில் உட்காருவது யார் என்று கேட்டோம். மாற்றிவிட்டார்.

ரெக்சின்: எடுக்க முடிந்ததும் முடியாததும்

ரெக்சின் என்று நாம் சொல்வது துணியின் மேல் பிவிசி பூசியது. பிவிசி தானாக மெத்தென்று இருக்காது. மென்மையாக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு பொருள் அதில் கலந்திருக்கும். மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் உண்டு. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எல்லாம் இந்தப் பூச்சைக் கரைத்து, மென்மையாக்கியையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் பிசுபிசுப்பு, பின் இறுக்கம், நாளாக வெடிப்பு. கதவில் நடந்தது இதுதான். போன பூச்சைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இதை முதல் நாளே உரிமையாளரிடம் சொல்லிவிட்டோம். பளபளப்பு திரவம் பூசி ஒரு வாரத்துக்கு மறைத்துக் கொடுக்கலாம், பார்த்தவுடன் சந்தோஷப்படுவார். அடுத்த வாரம் அது யார் தலையில் விழும் என்பது தெரிந்த கதை. கதவில் இன்னும் கொஞ்சம் பேனாக் கோடு மிச்சம் இருந்தது, அதையும் தொடவில்லை. பூச்சு போன இடத்தில் மறுபடி எந்தக் கரைப்பானும் வைக்கக் கூடாது என்பது எங்கள் முடிவு.

ஜீன்ஸ் நீலத்துக்கு முதலில் மிதமான சோப்பு நீரும் மைக்ரோஃபைபர் துணியும். மேலோட்டமான அழுக்கு வந்தது, நீலம் நின்றது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, சீட்டில் தெளிக்காமல் துணியில் நனைத்து, கைக்குட்டை மடிப்பளவு இடத்தில் சில விநாடி துடைத்து, உடனே ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். துணியில் நீலம் வரும்வரை தொடரலாம். க்ரீம் நிறம் வரத் தொடங்கினால் அது ரெக்சினின் சொந்த நிறம். அங்கே நிறுத்திவிட வேண்டும். தட்டையான பகுதி தெளிந்தது. தையல் பள்ளத்தில் நீலம் கொஞ்சம் தங்கிவிட்டது.

கடைகளில் வெள்ளைப் பஞ்சு மாதிரி விற்கும் மெலமைன் ஸ்பான்ஜை நாங்கள் ரெக்சினில் பயன்படுத்தவில்லை. அது கறையைக் கரைப்பதில்லை, நுணுக்கமாக உரசி எடுக்கிறது. அந்த உரசலில் ரெக்சினின் தோல்வரியும் பூச்சும் தேயும்.

தொடர்ந்து நடந்தவை

எல்லாம் காய்ந்து சீட்டைப் பொருத்திய பிறகு பீப் நின்றது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வாடை உடனே போகவில்லை. பகலில் நிழலில் கண்ணாடியை இறக்கி வைத்து ஓட்டியதில் படிப்படியாகக் குறைந்து போனது.

துணி சீட்டில் ஒரு சிக்கல் திரும்ப வந்தது. காரைக் கொடுத்த சில நாளில் தையலோரம் மங்கலாக ஒரு வளையம் தெரிகிறது என்று புகைப்படம் அனுப்பினார். இது புதுக்கறை அல்ல. ஃபோமில் ஆழத்தில் இருந்த மிச்சம், ஈரம் மேலே ஏறிக் காயும்போது கூடவே ஏறி நிற்கிறது. துணி சீட்டில் அதிகம் தண்ணீர் போன கார்களில் அடிக்கடி காண்பது. அந்த இடத்தை லேசாக நனைத்து, தடித்த வெள்ளைத் துவாலையை மடித்துப் போட்டு, மேலே பாரம் வைத்து இரவு முழுக்க விடச் சொன்னோம். ஏறிவரும் ஈரத்தைத் துவாலை வாங்கிக்கொண்டது. தையல் ஓரத்தில் வெளிறிய மஞ்சள் ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது.

கதவு அப்படியே மங்கலாகத்தான் இருக்கிறது. சீட் கவர் தைக்கும் கடையில் அந்தப் பேடுக்கு மட்டும் புது ரெக்சின் போடலாம் என்று சொன்னோம். பையன் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறார், நியாயம்தான்.

மாற்ற வேண்டியவை

எங்கள் பட்டறையில் வரிசையை மாற்றியிருக்கிறோம். மஞ்சள் கறை, கழற்றக்கூடிய மெத்தை என்றால், எண்ணெயும் சோப்பும் எடுத்தவுடன் வெயில்தான். ஆல்கஹால் அதற்குப் பிறகு, அதுவும் தேவைப்பட்டால். கார் வந்தவுடன் "என்ன கறை?" என்பதோடு "இதுவரை என்னென்ன போட்டீங்க?" என்றும் கேட்டு எழுதி வைக்கிறோம். வீட்டில் ஒவ்வொருவரும் வெவ்வேறு பதில் சொல்வதால், முடிந்தால் இரண்டு பேரிடம் கேட்கிறோம். துணி சீட் உள்ள காரை ஈரச் சுத்தத்துக்கு வாங்கும்போது கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதும் வேலையில் சேர்ந்துவிட்டது.

காரின் உரிமையாளர் தரப்பில் வேறாக நடந்திருக்க வேண்டியது கொட்டிய முதல் சில நிமிடங்களில்தான். கெட்டியானதைக் கரண்டியால் வழித்தெடுத்து, உலர்ந்த துவாலையால் அழுத்தி ஒற்றி, தண்ணீரையும் சோப்பையும் தள்ளி வைத்திருந்தால் கறை தையலைத் தாண்டியிருக்காது. சீட்டுக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுப் பார்த்திருந்தால் பாட்டிலும் கிடைத்திருக்கும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது, உள்ளே தண்ணீர் அடிக்க வேண்டாம், ரெக்சினில் தின்னர் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. அவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.